சாதியாவின் ரேங்க் கார்டில் ஒரு கோடு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அமுதவல்லி மேடம் அவர்களுக்கு, பென்னாகரம் உரக்கடை குப்புராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எதை எழுதினாலும் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஆரம்பிக்கச் சொல்லிப் பொம்மிடி பள்ளியில் என் தமிழையா பழக்கியிருந்தார். அப்படியே ஆரம்பிக்கிறேன்.

ஜூலை மாதக் கூட்டம், உங்கள் அறை. மேசைக்குப் பின்னால் நீங்கள். உங்கள் வலப்பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே, கணக்கு வாத்தியார் மாதவராஜ் சார். இடப்பக்கம் ஏழாம் வகுப்பு டீச்சர் சசிகலா. பீரோ கதவு இடிக்கும் என்பதால் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார். எதிரில் இரண்டு நாற்காலி. ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர் என்ற முறையில் நான். இன்னொன்று சாதியாவின் அப்பா தௌபிக் பாய்க்குப் போட்டது. அவர் வராததால் அதில் என் பையை வைத்திருந்தேன். பையில் கத்தரி விதைப் பாக்கெட்டுகள் இருந்தன, வேறொன்றும் இல்லை.

ஏழாவது படிக்கும் சாதியாவைக் கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைக்கலாமா என்பதுதான் பேச்சு. பள்ளி திறந்த ஒரே மாதத்தில் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அந்தப் பிள்ளை தானாகவே முடித்திருந்தாள்.

மாதவராஜ் சார் சொன்னது: "பசிச்ச புள்ள முன்னாடி காலித் தட்டை வெச்சு, மத்தவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உக்காருன்னா எப்படிங்க மேடம்?"

சசிகலா டீச்சர் சொன்னது: "பன்னெண்டு வயசு சார் அவளுக்கு. ஒன்பதாவது பசங்களுக்கு மீசை முளைச்சிருக்கு. இவ இன்னும் ஜியாமெட்ரி பாக்ஸ்ல புளியங்கொட்டை வெச்சிருக்கா."

"அந்தக் கொட்டையை அடுக்கித்தான் டீச்சர் பகா எண் பாத்துட்டு இருக்கா."

"பாக்கட்டும். என் கிளாஸ்லயே உக்காந்து பாக்கட்டும்."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். வேகமாக ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தலாமா, அவள் ஓடுகிற தூரத்தில் அவளோடு பேச யாராவது இருப்பார்களா என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. தெரியாத விஷயத்தில் நான் தலையிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் தலையிட்டது வேறு விஷயத்தில்.

முந்தின நாள் தௌபிக் பாய் கடைக்கு வந்திருந்தார். சந்தை சந்தையாகப் போய் பிளாஸ்டிக் பக்கெட் விற்பவர். எங்கள் தெருதான். "அண்ணா, நாளைக்கு நல்லம்பள்ளி சந்தைங்க. வுட்டா ஒரு வாரப் பொழப்பு போயிரும். நீங்களே மேடத்துகிட்ட சொல்லிருங்க, வேணாம்னு. பெரிய பசங்க நடுவுல அவ எதுக்குங்க? அவ வயசுப் புள்ளைங்களோடவே இருக்கட்டும்" என்றார். சரிங்க பாய் என்றேன். அந்த 'வேண்டாம்' என் வாயில்தான் இருந்தது. நீங்கள் மட்டும் அதற்குமேல் ஒன்று சொல்லாமல் இருந்திருந்தால் வெளியே வந்திருக்கும்.

நீங்கள் சொன்னீர்கள்: "ஒண்ணே ஒண்ணு. ஒன்பதாவது பேப்பர் எழுதினா ஏழாவதுல டோட்டல் வராது. ரேங்க் இருக்கிற எடத்துல கோடுதான் போடணும். அவங்க அப்பா என்ன சொல்றாரு?"

இங்கே என் மகள் காவியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதியாவுக்கு அடுத்த இடத்தில் உட்காருபவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ரேங்க்கிலும் அடுத்த இடம்தான். ஆண்டு விழாவில் இரண்டாம் பரிசு சோப்பு டப்பா. எங்கள் வீட்டில் சோப்பை விட டப்பா அதிகம். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர். ஒரு தடவை தௌபிக் பாய் வீட்டம்மா வஹிதா, "வெக்க எடமில்லைங்கண்ணா, வேணும்னா நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, "அவருக்குப் பூரண சம்மதங்க மேடம்" என்றேன். 'பூரண' கொஞ்சம் அதிகம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

அதன்பிறகு அந்த வீட்டில் சச்சரவு வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாகிவிட்டது. அன்று சாயங்காலம் பாயிடம், "நான் எவ்வளவோ சொன்னேங்க. புள்ளையே ஆசைப்பட்டுக் கேட்டிருக்கா. நீங்க எதையாவது கேட்டு அவ மனசை ஒடச்சிராதீங்க" என்றேன். மறுநாள் சாதியாவிடம், "உங்கப்பாதாம்மா ஆசைப்பட்டாரு. சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படறாரு. புடிக்கலைன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிராத" என்றேன். பிள்ளைக்காக அப்பா வாயைத் திறக்கவில்லை, அப்பாவுக்காகப் பிள்ளை திறக்கவில்லை. ஒருவர் மேல் ஒருவர் அவ்வளவு பாசமாக இருக்கிற வீட்டில் இது சுலபமாக நடக்கிறது. அடித்துக்கொள்கிற வீடாக இருந்தால் ஒரே நாளில் குட்டு உடைந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குக் கடைசி பெஞ்ச். பையன்கள் கால்குலேட்டர் என்று பேர் வைத்தார்கள். கால்குலேட்டரை என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். எல்லார் வீட்டுப்பாடமும் அவளிடம் வந்தது. இரண்டு மூன்று பாடத்தில் அவள் பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்ததாக மாதவராஜ் சார் சொன்னார். எட்டாம் வகுப்பில் சொல்லித் தருவது அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்தால் ஏழாம் வகுப்பில் இவள் இல்லாமல் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.

காலாண்டில் காவியா முதல் ரேங்க். வீட்டில் பாயசம் வைத்தோம். சாதியாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். பாதி குடித்துவிட்டுத் தன் ரேங்க் கார்டை என்னிடம் நீட்டினாள்.

"அங்கிள், ஃபெயிலுன்னா சிவப்புல போடுவாங்க. எனக்கு நீலத்துல கோடு போட்டிருக்காங்க. அப்ப நான் என்ன?"

"மேதைங்களுக்கு ரேங்க் கிடையாதும்மா. வூட்ல கேட்டா அப்படியே சொல்லு."

தலையை ஆட்டிக்கொண்டாள். மீதிப் பாயசத்தைக் குடிக்கவில்லை. கொஞ்சம் இனிப்பு அதிகம்தான்.

அரையாண்டில் கணக்குப் பேப்பரில் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டு வந்துவிட்டாள். வாய்விட்டு எதுவும் சொல்லக் கூடாது என்று இருந்த பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்? நீங்கள் தௌபிக் பாயைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "நான் வேணாம்னுதானே சொல்லி வுட்டேன்" என்றாராம். என்னிடம் விளக்கம் கேட்டு உங்கள் ஆள் வந்த அன்றே அவரும் வந்தார். "எங்கயோ பேச்சு மாறிப்போச்சு போலண்ணா. உங்க பேரு அடிபடுது. மனசுல வெச்சுக்காதீங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மன்னித்தேன்.

பேச்சு எங்கேயும் மாறவில்லை மேடம். என் வாயில்தான் மாறியது. அவர் வேண்டாம் என்றார், நான் சம்மதம் என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

இதைச் சொல்லாமலே நான் இருந்திருக்கலாம். பாயே பேச்சு மாறிப்போச்சு என்று எனக்கு வழி விட்டுவிட்டார். சொல்வதற்குக் காரணம், அரையாண்டில் காவியா ஏழாவது ரேங்க். கூப்பிட்டுக் கேட்டேன். "முன்னாடி டெய்லி சாயந்தரம் சாதியா வந்து சொல்லிக் குடுப்பாப்பா. இப்ப அவளுக்கு அந்தத் தடிப் பசங்க வீட்டுப்பாடம் எழுதவே நேரமில்ல" என்றாள்.

"சார் நடத்தறதைக் கவனிக்கறதுதானே?"

"சார் போர்டுகிட்ட பேசிட்டு இருக்காருப்பா. வேணும்னா நீங்க சொல்லிக் குடுங்க, பாக்கலாம்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காவியாவுக்கு முன்னால் இருக்கிற ஆறு பேரும் மேதைகள்தான், அவர்களையும் மேலே அனுப்புங்கள் என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பில் அவ்வளவு பெஞ்ச் கிடையாது. அதனால் என் தாழ்மையான வேண்டுகோள் இது. சாதியாவை உடனே ஏழாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்புங்கள். சிறு பிள்ளைகளைக் கணக்கில் அவசரப்படுத்துவது தவறு என்று இப்போது உணர்கிறேன். காவியாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். ரேங்க் மட்டும் இந்த வருடம் முழுக்கக் கோடாகவே இருக்கட்டும். நடுவில் கொடுத்தால் பிள்ளை மனசு குழம்பும்.

சாதியா பள்ளிக்குப் போகிற வழியில் இப்போது என் கடை வாசலில்தான் நிற்கிறாள். என்ன எழுதறீங்க அங்கிள் என்று கேட்டாள். உன்னைக் காவியாகிட்டயே உக்கார வெக்கச் சொல்லி எழுதறேம்மா என்றேன். "நெஜமாவா அங்கிள்?" என்று ஒரு குதி குதித்தாள். அரையாண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது இன்றுதான். உறையை ஒட்டி அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்க மாட்டாள். சொன்னால் நம்புகிற குடும்பம் மேடம் அது. அதனால்தான் அவர்கள் விஷயத்தில் நான் எப்போதும் கூடுதல் அக்கறையாக இருக்கிறேன்.