ஒன்றரை மணி பஸ்

"ஹலோ... ஆமாங்க, கம்ப்யூட்டர் சர்வீஸ்தான்... ஆமா, தீர்த்தகிரிதான் பேசறேன்... யாருங்க?... கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ரோட்ல லாரி போவுது..."

பெயரைக் கேட்டதும் தீர்த்தகிரி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்தான்.

"...சுக்ரா அக்காங்களா. சொல்லுங்க."

ஓசூரில் அவன் கடை போட்டு இரண்டு வருடமாகிறது. கௌஸ் மொய்தீன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தவன் அவன்தான். கௌஸ் கிருஷ்ணகிரி ரோட்டில் லாரி மோதி இறந்து எழுபத்திரண்டு நாள். அவர் மனைவி சுக்ராவின் குரலை அதன்பின் இன்றுதான் கேட்கிறான்.

"என்னங்க ஆச்சு?... உங்க பொண்ணு அதியா கம்ப்யூட்டரப் போட்டுச்சா. அப்பா போனதுக்கப்புறம் இன்னைக்கித்தானா... சரி... அணைக்கச் சொன்னா அணைய மாட்டேங்குதா... திரையில என்ன தெரியுது?... நீல வானம், வெள்ள மேகம். ஆமா, ஆமா, அணையறப்ப அது வரும். எவ்ளோ நேரமா அப்படியே நிக்குது?... இருபது நிமிஷமா... நானே வந்து பாத்துடறேன், சைக்கிள்ல பத்து... ஓ. ஆமா. இத்தால இருக்கீங்க, மறந்துட்டேன்... இன்னும் அம்பத்தெட்டு நாளா... இல்லல்ல, வெளி ஆம்பள வரக்கூடாதுன்னா வரல. போன்லயே பாத்துக்கலாம்."

மறக்கவில்லை. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்ப்பதில்லை என்று யாரோ சொன்னபோது, அந்த வீட்டு வாசலை மிதிக்காமலிருக்க அவனுக்கு அதுவே போதுமான காரணமாயிற்று.

"அதியாவக் கூப்பிடுங்க. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட், மூணையும் ஒண்ணா அழுத்தச் சொல்லுங்க... ஒண்ணும் இல்லையா... மறுபடி... மவுஸ் நகருதா?... சத்தம் மட்டும் வருது... ம்... ம்... அதுகிட்ட அழாதன்னு சொல்லுங்க. அது பண்ணின தப்பு இல்ல, இந்த விண்டோஸுக்கே இந்த வியாதி உண்டு... சரி, விடுங்க. சுவத்து சுவிட்ச அணைச்சிடுங்க... ஆமாங்க, நேரா அணைச்சிடுங்க. ஒண்ணும் ஆவாது. அடுத்த தடவ போடறப்ப ஒரு சோதனை ஓடும், தானாவே சரி பண்ணிக்கும்... நெசமாத்தாங்க... அக்கா?... ஹலோ?... லைன்ல இருக்கீங்களா?"

இருந்தாள். மூச்சு கேட்டது. தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"...ம்... பாய் போன அன்னைக்கா... சொல்லுங்க, கேக்கறேன்... இதே மேகந்தான் நின்னுச்சா... போனக் காதுல வெச்சிக்கிட்டே... 'அணைக்கல சார், அணைக்கல'ன்னு... ம்... கம்பெனி பஸ் முக்குல நின்னு ரெண்டு வாட்டி ஹாரன்... பஸ் போனப்புறம் பைக்க எடுத்துக்கிட்டு... ம்... இல்லீங்க, யாருகூடப் பேசினாருன்னு எனக்கு எப்படி... கம்பெனி ஆளா இருக்கும். அங்க நெறைய பேருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்... தெரியலீங்க."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான். இந்தக் கேள்வியோடு யாராவது கூப்பிடுவார்கள் என்று எழுபத்திரண்டு நாளாக மூன்று முறை மணி அடிக்கும் முன்னால் அவன் போனை எடுத்ததில்லை. இன்று வேலை மும்முரத்தில் உடனே எடுத்துவிட்டான்.

"ஏங்க, இப்ப எதுக்கு அது... யாரு?... மத்தூர்ல இருந்து வந்திருக்கற நாத்தனாரா... என்னன்னு?... நீங்க சோறு போட லேட் பண்ணினதாலதான் பஸ் போச்சுன்னு... எல்லார்கிட்டயுமா... நீங்க ஒண்ணும் சொல்லலையா?... நீங்களே அப்படித்தான்னு நெனச்சிக்கிட்டு..."

கடைக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, அவன் முகத்தைக் கண்டு, திரும்பிப் போனார்.

"அக்கா. நாந்தாங்க... அன்னைக்கு இந்தப் பக்கம் பேசினது நாந்தான்... ஆமா... ஆமா... பதினோரு நிமிஷம்... அணைக்காதீங்க பாய், டிஸ்க் போயிடும், பொறுங்கன்னு நாந்தான் சொன்னேன். பாயும் ஓடற மெஷின விட்டுட்டு நகர்ற ஆளில்ல. அடுத்த ஷிப்ட் ஆளு வந்து கை வெச்சாத்தான் அவரு கைய எடுப்பாரு, கம்பெனிப் பழக்கம்... கேட்டுச்சுங்க. ஹாரன் எனக்கும் கேட்டுச்சு. இன்னும் ரெண்டே நிமிஷம் பாய்னேன்... நான் பூட்டின மெஷினு, கெட்டுப்போனா யாரு என் கடைக்கு வருவாங்கன்னு... அதுக்குத்தாங்க. வேற ஒண்ணும் இல்ல... என்னங்க?"

அவள் கேட்டது சின்னக் கேள்வி. இரண்டாம் முறை அதையே கேட்டாள்.

"...ஆமாங்க. அன்னைக்கும் அணைச்சிருக்கலாம். ஒண்ணும் ஆயிருக்காது."

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. உள்ளே யாரையோ கூப்பிடும் குரல்தான் கேட்டது.

"யாருகிட்டங்க?... நாத்தனார்கிட்டயா... இப்பவேவா... சரி. குடுங்க. சொல்றேன்."

ரிசீவர் கை மாறியது. வளையல் சத்தம். வேறொரு மூச்சு.

"ஹலோ... காத்தூன் அம்மாங்களா... நான் கம்ப்யூட்டர் கடை தீர்த்தகிரி... இல்லீங்க, ரிப்பேர் விஷயம் இல்ல. கொஞ்சம் கேளுங்க... அன்னைக்கு சோறு லேட் ஆவல. சாப்ட்டுட்டேன், ஒன்னரைக்குத்தான் பஸ்னு பாய் என்கிட்டயே சொன்னாரு... ஆமா, போன்ல... ஒரு மணி இருபதுக்கே சொன்னாரு. அதுக்கப்புறம் அவர நிறுத்தி வெச்சது நான்... நீங்க திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா அக்காவ... ஹலோ... ஹலோ..."

வைத்துவிட்டார்கள்.