தொண்ணூத்தேழு டிகிரி

— கையை உள்ள விடுங்க அக்கா. கரண்ட்டை எடுத்துட்டேன், பயப்படாதீங்க. அந்த அலுமினியத் தகடு மேல விரலை வைங்க. சுடுதா?

— வெதுவெதுன்னு இருக்கு, அவ்வளவுதான்.

— திரையில என்ன காட்டிச்சு?

— தொண்ணூத்தேழு. நீங்களும்தானே பாத்தீங்க ஒக்னியென்.

— தொண்ணூத்தேழு நிஜமா இருந்தா இந்நேரம் விரலை உதறிக்கிட்டு குழாயடிக்கு ஓடியிருப்பீங்க.

— அப்ப ப்ராசஸர் போகலையா? கேளுங்க தம்பி, கிராகுயெவாட்ஸ்ல ரெண்டு கடைக்குப் போன் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் ஒரே பாட்டு: "ஆயுசு முடிஞ்சுபோச்சு யாத்ரங்கா, புதுசு வாங்கிடு." இங்க இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியைப் போட்டா விமானம் கிளம்புற மாதிரி விசிறி கத்துது. கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுபோகுது. நான் எடிட் பண்ணிட்டிருந்த கல்யாண வீடியோ பாதியில நிக்குது. கல்யாணப் பொண்ணு வியன்னாவுக்கே போய்ச் சேர்ந்துட்டா, அவ அம்மா தினம் கூப்பிட்டு, "எங்க சம்பந்தி ஆடினதை எப்பக் காட்டுவே"ன்னு கேக்கறா.

— நிதானமா வருவோம். காலையிலேர்ந்து அணைச்சே வெச்சிருந்தேன்னீங்க, சரியா?

— ஆமா. சத்தம் தாங்கல, தலையைப் பிளக்குது. நாலஞ்சு நாளா இதே தலைவலி.

— நான் போட்ட உடனே தொண்ணூத்தேழு காட்டிச்சு. ஜில்லுனு கிடந்த பொருள் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அப்படிக் கொதிக்காது. நிஜமான சூடு படிப்படியா ஏறும், படிப்படியா இறங்கும். இது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அங்கதான் எனக்குச் சந்தேகம்.

— அப்ப யாரு பொய் சொல்றது?

— விசிறியை ஓட்டறதுக்குன்னு ஒரு புரோகிராம் போட்டிருக்கீங்களே, அது. இப்ப மறுபடி போடறேன், ஆனா விண்டோஸுக்குள்ள போகாம, போர்டோட சொந்தத் திரையிலயே பாப்போம். வந்துச்சு பாருங்க. ப்ராசஸர் எவ்வளவு?

— முப்பத்தி நாலு.

— அதான் நிஜம். ப்ராசஸருக்குள்ளயே சூட்டை அளக்கற உணரி ஒண்ணு இருக்கு, அது சொல்றது இது. இந்த போர்டுல இன்னொரு உணரியைச் செருக ஒரு இடம் விட்டிருக்கான். உங்க பொட்டியில அங்க எதுவும் செருகல. உங்க புரோகிராம் அந்தக் காலி இடத்தைப் போய்ப் படிச்சுட்டு, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லுது. அதை நம்பி விசிறியை விரட்டுது, பொட்டியை அணைக்குது.

— ஆளே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டி விசாரிச்ச கதை.

— அதேதான். இப்ப அந்த புரோகிராமைத் தூக்கிட்டேன். விசிறி இனிமே ப்ராசஸர் சொல்றதைத்தான் கேக்கும். உங்க வீடியோவை ஓட விடுங்க, வேலை குடுத்துப் பாப்போம்.

— ஓடுது. நாப்பது. நாப்பத்தாறு. தம்பி, ஏறுதே.

— ஏறணும். வேலை செஞ்சா சூடாகும். பாத்துட்டே இருங்க.

— அறுபத்தொண்ணுல நின்னுடுச்சு. சத்தமே காணோம். எவ்வளவு நாளாச்சு, பொட்டி ஓடறப்ப கடிகாரச் சத்தம் கேட்டு. ரொம்ப நன்றி தம்பி. இனி இந்தத் தலைவலியும் ஒழியும்.

— எனக்கும்தான் அக்கா தலை வலிக்குது.

— உங்களுக்கு என்ன? இப்பதானே வந்தீங்க.

— அதான் யோசிக்கறேன். வரும்போது நல்லாத்தான் வந்தேன். நீங்க சந்தைக்குப் போனா வலி விடுதா?

— வாசலைத் தாண்டினாலே விட்டுடும். அங்க இந்த விசிறி கத்தலையே.

— இங்கயும் இப்பக் கத்தல. விட்டுச்சா?

— இல்ல.

— அந்த அடுப்புல விறகு எப்ப வெச்சீங்க?

— விடியக்காலை வெச்சது, அணைய விடல. கோஷவாக் குளிர்காத்து வீசுதே, வீடு விறைச்சுப்போகும். ஏன்?

— வீட்ல இப்ப வேற யாரு இருக்காங்க?

— எங்க வீட்டுக்காரர். ராத்திரி பஸ் ஓட்டறாரு, நிஷ் ஊர் வரைக்கும். அந்த ரூம்ல தூங்கறாரு. இந்த விசிறி சத்தத்துலயும் என்ன தூக்கமோ.

— எழுப்புங்க அக்கா. இப்பவே. நான் ஜன்னலைத் தொறக்கறேன்.

— ராதிவோய். எந்திரிப்பா. ராதிவோய்... தம்பி, இங்க வாங்க. தலை துவளுது இவருக்கு.

— மூச்சு இருக்கு. நீங்க காலைப் பிடிங்க, நான் தோளைப் பிடிக்கறேன். முற்றத்துக்குக் கொண்டுபோயிடலாம்.

— குளிருமே, ஒரு கம்பளி...

— அப்புறம். மொதல்ல காத்து. அடுப்புலேர்ந்து வர்ற விஷ வாயு வெளிய போகாம வீட்டுக்குள்ளயே சுத்துது அக்கா. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூக்குங்க.

— ஐயோ, இடிச்சுட்டோம்.

— பரவாயில்ல, நடங்க. அப்படித்தான். இங்க கிடத்துங்க. நீங்களும் உள்ள போகாதீங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் பேசறேன்.

\*

— வாங்க தம்பி, உள்ள வாங்க. நர்ஸம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ராதிவோய், இவருதான் ஒக்னியென். உன்னை வெளிய இழுத்தவரு.

— முதுகுல இவ்வளவு பெரிய சிராய்ப்பு. நீங்கதானா அது?

— வாசப்படியில இடிச்சுட்டேன் அண்ணே. மன்னிக்கணும்.

— இன்னும் ரெண்டு இடிச்சிருக்கலாம். உக்காருங்க.

— இப்ப எப்படி இருக்கு?

— ஆக்சிஜன் வெச்சாங்க. கண்ணைத் தொறந்தேன்.

— தொறந்து மொதல்ல என்ன கேட்டாருங்கறீங்க? "என் பஸ்ஸை யாரு எடுத்தா?" நான் இவரு கையைப் பிடிச்சுக்கிட்டு அழறேன், இவரு பஸ்ஸைக் கேக்கறாரு.

— ஜனங்க குளிர்ல நிப்பாங்கல்ல.

— கேளுங்க தம்பி, புகைக்கூண்டை ஆள் வந்து பாத்தாச்சு. உள்ள செங்கல் சரிஞ்சு பாதி அடைச்சுக் கிடந்துச்சாம். காத்தும் சேர்ந்து அடிக்கவும் எல்லாம் வீட்டுக்குள்ளயே திரும்பிடுச்சு. நான் முன்னறையில அப்பப்ப கதவைத் தொறந்து வெளிய போய் வந்ததால தப்பிச்சேனாம். இவருக்கு அடுப்புக்குப் பக்கத்து ரூம். அக்கம்பக்கத்துல எல்லார் வீட்லயும் இப்பப் பாத்துட்டு இருக்காங்க. எங்க எதிர்வீட்டுக்காரி உங்களுக்குப் பூரெக் சுட்டுக் குடுத்திருக்கா. இது எங்க தோட்டத்துப் பிளம்ஸ்ல காய்ச்சின ராக்கியா. வேண்டாம்னு சொல்லாதீங்க, இவருக்கு வருத்தமாயிடும்.

— சொல்லல அக்கா. கல்யாண வீடியோ முடிஞ்சுதா?

— முடிச்சு அனுப்பிட்டேன். பொட்டி ஒரு தடவைகூட அணையல.

— தம்பி, நான் படுத்துக்கிட்டே யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பொட்டி ஒழுங்கான எண்ணைக் காட்டியிருந்தா, யாத்ரங்கா உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டா.

— ஆமாண்ணே.

— அப்ப நான் அதுக்குத்தான் நன்றி சொல்லணும்.

— அதுக்கு மட்டும் இல்லண்ணே. நான் யார் வீட்டுக்கும் போறதில்ல. எல்லாரும் பொட்டியைக் கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க. அக்காகிட்டயும் போன்ல அப்படித்தான் சொன்னேன்.

— பின்ன எப்படி வந்தீங்க?

— "நான் ஒருத்தியா தூக்க முடியாது தம்பி, எங்க வீட்டுக்காரரை எவ்வளவு எழுப்பியும் எந்திரிக்க மாட்டேங்கறாரு"ன்னாங்க.