இடது பக்கம் அரை அடி

மே 9, வெள்ளி.

ஒரு சிறு திருத்தம். செவ்வாய்க்கிழமைக் குறிப்பில், 'கடைசி ஆட்டத்தில் கால் வழுக்கி விழுந்தேன்' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. தரை காய்ந்துதான் இருந்தது. என் காலணியும் புதிது. நாட்குறிப்பில் பொய் எழுதினால் அது நாட்குறிப்பு அல்ல, வேலைக்குப் போடும் விண்ணப்பம் என்று நான் போகும் மாலை எழுத்து வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு தொடங்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் இதைச் சரிசெய்துவிடலாம். ஒரு வரியில் முடியும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து அணி, பயிற்சியில் எதிர்த்து ஆட நான்கு ஆண்களை வைத்திருக்கிறது. அடுத்த வாரம் மோதப்போகும் அணியைப் போல நாங்கள் ஆடிக் காட்டுவோம். அவர்கள் எங்களை இடித்துத் தள்ளிக் கற்றுக்கொள்வார்கள். பதினொரு மணிக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் அதன்பின் மளிகைக் கடையில் டப்பாக்கள் அடுக்கப் போவேன். நான்கு பேரில் நான் திறமைசாலி அல்ல. கல்லூரியிலும் நான்கு வருடம் அணியில் இருந்தேன், ஆடியது மொத்தம் பதினோரு நிமிடம். ஆனால் நான் ஒழுங்கானவன். முதல் நிமிடம் எப்படிக் காவல் நிற்பேனோ, அறுபதாவது நிமிடமும் அப்படியே நிற்பேன்.

பயிற்சி முகாம் தொடங்கிய அன்று கோச் மோரீன் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்.

"வெஸ்லி ஒரு செவுரு. செவுத்துக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது. யார் அவனத் தாண்டுறாங்களோ அவங்களுக்குத்தான் அந்தக் கடைசி எடம்."

பன்னிரண்டு இடத்தில் பதினொன்று முன்பே நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்று. அதற்குக் கல்லூரி முடித்த இரண்டு பெண்கள். ப்ரின் ஹால்டர்சன் படித்தது பெரிய கல்லூரி. லீகின் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், மூன்றாம் சுற்றில் அவள் பெயரை வாசித்தார்கள். ரெனாட்டா கிரோஸ் படித்தது கான்சஸில் யாருக்கும் தெரியாத கல்லூரி. அவள் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அவளாகவே ஆட்டப் பதிவுகளை அனுப்பி, அனுப்பி, முகாமுக்குள் வந்துவிட்டாள்.

புதிதாக வருபவர்கள் தினமும் காலையில் மூத்தவர்களுக்கு டோனட் வாங்கி வர வேண்டும். குழந்தைகள் பள்ளிக்கு மாட்டும் பையைத்தான் முதுகில் மாட்ட வேண்டும். ஆறடி இரண்டு அங்குல ப்ரின்னின் முதுகில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கொம்புள்ள குதிரை தொங்கியது. அவள் டோனட்டை வீராங்கனைகளின் தலையை எண்ணி வாங்கி வந்தாள். ரெனாட்டா எங்கள் நான்கு பேருக்கும் தனியாக ஒரு பெட்டி கொண்டு வந்தாள். நடந்ததற்கு டோனட் காரணம் அல்ல என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மேபிள் பாகு பூசியது.

முதல் நாள் நான் கூடைக்கு எறிந்த பந்தை ப்ரின் காற்றிலேயே அறைந்தாள். பந்து பார்வையாளர் பக்கம் மூன்றாவது வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தது.

"டிக்கெட் வாங்கிட்டு உக்காரச் சொல்லுங்கடி" என்றாள் கேப்டன் லட்ரீஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைய குறிப்பு இரண்டு பக்கம் நீள்கிறது என்பது உண்மை. ஆனால் அதில் பாதி வானிலை.

ரெனாட்டாவுக்கு இடது கை வராது. இதை இரண்டாம் நாளே கவனித்தேன். வலப்பக்கம் காற்றைப் போலப் போவாள். இடப்பக்கம் திரும்பினால் பந்து அவளுக்கு அந்நியமாகிவிடும். முதல் வாரம் முப்பது முறை என்னைத் தாண்டப் பார்த்தாள், ஒன்பது முறை முடிந்தது. உதவிக் கோச் ஒருவர் பலகையில் எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதிக்கொண்டே இருப்பார். அந்த ஒன்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் வாரம், அவள் இடப்பக்கம் வரும்போது நான் என் காலை அரை அடி தாமதமாக வைத்தேன். அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அவள் வேகம் கூடியது போல இருக்கும். அவளுக்கே அப்படித்தான் இருந்திருக்கும். சரியா தவறா என்று மூன்று முறை யோசித்தேன். மூன்று முறையும் விடை வருவதற்குள் பந்து வந்துவிட்டது. அந்த வாரம் முப்பதுக்குப் பத்தொன்பது.

ப்ரின்னுக்கு நான் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவளுடைய கல்லூரி ஆட்டங்கள் முப்பத்து நான்கையும் பார்த்தேன், அவ்வளவே. எம்பி எறிவதற்கு முன் வலது தோளை ஒரு முறை இறக்குவாள். தோள் இறங்கியதும் நான் எழுந்தேன். ஒருவருடைய ஆட்டத்தை அவ்வளவு பொறுமையாகப் பார்ப்பது ஒருவகையில் மரியாதைதான். மற்ற மூன்று ஆண்களிடமும் அந்தத் தோளைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் சோம்பேறிகள். சொன்னால்தான் செய்வார்கள். அவள் முதல் வாரம் முப்பதுக்குப் பதினேழு, இரண்டாம் வாரம் பத்து.

லட்ரீஸுக்கு இந்த லீகில் பதினோராவது வருடம். அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. போன வாரம் வியாழக்கிழமை முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டேய் வெஸ்லி, முட்டி வலிக்குதா?"

"இல்ல கேப்டன்."

"அப்புறம் ஏன்டா அந்தப் பொண்ணு வந்தா மட்டும் ஓட்டல் வாசல்ல நிக்கிறவன் மாதிரி கதவத் தெறந்து விடுற? சல்யூட் ஒண்ணுதான் பாக்கி."

"அவ நல்லா முன்னேறிட்டா கேப்டன்."

"ஆமாமா. இடது கை பத்து நாள்ல முளைச்சிருச்சு." சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். "இங்க பாரு. நான் முதல் வருஷம் வந்தப்ப என்னை ரெண்டு தடவ டீம்லேருந்து தூக்கிட்டாங்க. ரெண்டு தடவையும் நெஜமான ஆளுங்ககிட்ட தோத்தேன். அதனாலதான் திரும்பி வர முடிஞ்சுது. புரியுதா? நீயே கோச்கிட்ட சொல்லிடு. நான் சொன்னா உன்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"சரி கேப்டன்" என்றேன். மறுநாள் சொல்வதாகக் குறித்தும் வைத்தேன். அந்தக் குறிப்பு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கடைசி ஆட்டம். ப்ரின் என் மேல் நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் தோள் இறங்கியது, நான்கு முறையும் என் கை அங்கே இருந்தது. பன்னிரண்டு வினாடி இருக்கும்போது ரெனாட்டா பந்தோடு வந்தாள், இடப்பக்கம். அரை அடி போதாது என்று எனக்குத் தெரிந்தது. மிகவும் பதற்றமாக இருந்தாள், பந்து அவள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனவே விழுந்தேன். முழுதாக, சத்தத்தோடு. அவள் கூடையில் போட்டாள். பத்துப் பேர் கத்திக்கொண்டு அவள் மேல் பாய்ந்தார்கள். நான் தரையில் கிடந்து கூரையைப் பார்த்தேன். ரொம்ப நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் ஆட்டத்தின் முடிவு என்னுடையதாக இருந்தது.

லட்ரீஸ் மட்டும் பாயவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

இன்று காலை எட்டே காலுக்கு ப்ரின்னின் அலமாரியில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டையை உரித்தார்கள். எட்டரைக்கு அவள் என்னைத் தேடி வந்தாள். கோபமாக வருகிறாள் என்று நினைத்து இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கை நீட்டினாள்.

"உனக்கு தேங்க்ஸ் சொல்லணும்னு வந்தேன்."

"எனக்கா?"

"மத்தவங்கல்லாம் ஒப்புக்கு, 'நல்லா ஆடுன, நல்லா ஆடுன'ன்னாங்க. நீ ஒருத்தன்தான் எனக்காக எதையும் விட்டுக் குடுக்கல. உன்னையே தாண்ட முடியலன்னா இந்த லீக்ல எனக்கென்ன வேலை? கோச் ஐரோப்பாவுல போய் ஆடிப் பாருன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். எங்கண்ணன் ஒரு நர்சிங் காலேஜ் பார்த்து வச்சிருக்கான். பதினாறு வருஷம் பந்து தட்டியாச்சு, போதும்."

ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். வாக்கியமும் தயாராக இருந்தது. ஆனால் அவள் மிகவும் நிம்மதியாகத் தெரிந்தாள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. "நர்ஸ் வேலை நல்ல வேலை" என்றேன். அவள் போன பிறகு நேரம் பார்த்தேன்: எட்டு முப்பத்தாறு.

ரெனாட்டா அம்மாவோடு போனில் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து தோளில் குத்தினாள். "பாத்தியா, என் இடது கை! முதல் ஆட்டத்துல அவங்க என்னை அந்தப் பக்கம் தள்ளப் பார்ப்பாங்க. தள்ளட்டும், நல்லா வாங்கிக்கட்டும்!" முதல் ஆட்டம் எட்டு நாளில். எதிரணியில் இருப்பவள் லீகின் மிகச் சிறந்த காவல்காரி. அவள் யாருக்கும் கதவு திறந்து பழக்கமில்லாதவள். இதையும் நான் ரெனாட்டாவிடம் சொல்லவில்லை. தன்னம்பிக்கை முக்கியம் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள்.

ஆக, திருத்தம் இது: நான் வழுக்கவில்லை, விழுந்தேன். ஒருத்தியைத் தகுதி இல்லாதவள் என்று நம்ப வைத்தேன், இன்னொருத்தியைத் தகுதி உள்ளவள் என்று நம்ப வைத்தேன். இரண்டும் பொய். ஒன்றைக் கையால் செய்தேன், இன்னொன்றைக் காலால். எழுதியபின் இது செய்தபோது இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கையெழுத்தின் அளவாகக்கூட இருக்கலாம். எப்படியோ, தவறை ஒப்புக்கொண்டாயிற்று. இனி இப்படி நடக்காது.

இன்று பதினொரு மணிக்குக் கிளம்பும்போது கோச் மோரீன் கூப்பிட்டார். "ரெனாட்டா இடம் இன்னும் கல்லுல எழுதலப்பா. ஓரிகன்லேருந்து ஒரு பொண்ணு வர்றா, ஜோசி வின்ஸ்லோன்னு பேரு. ஆறு நாள் ரெண்டு பேரையும் உன் மேல விட்டுப் பார்க்கப்போறேன். உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

நாளைக்கான வேலை: காலை எட்டு மணிக்கு முகாம். அதற்குள் ஜோசியின் கல்லூரி ஆட்டங்களில் மூன்றையாவது பார்த்து முடிக்க வேண்டும். இடம் யாருக்கு என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.