டாம்லின் ஏரியின் சாகாத மேட்டுக்கும் அதன் காவலர் சிக்னி டோர்வினனுக்கும்

பனியில் காது வைத்தே, பாதாளத்தில் ஓடும் கழிவுநீர் எந்த வீட்டிலிருந்து வருகிறது, அவ்வீட்டார் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்பதுவரை சொல்லவல்ல செவிச்செல்வரே, நாற்பத்துமூன்று வீடுகளின் நாற்றம் சுமந்தும் நன்மணம் குன்றாத நல்லவரே, எங்கள் கழிவுநீர்ச் சங்கத்தை முப்பத்தோராண்டு நடத்தி இன்று ஓய்வு பெறும் சிக்னி அம்மையீர், வணக்கம்.

வாழ்த்த வந்த இடத்தில் வசை எதற்கென்பீர்கள். வயிறு எரிகிறது; இறக்கிவைத்துவிட்டே வாழ்த்துவோம்.

செப்டிக் டேங்க்குகளின் நீரை மண்ணில் ஊறவைத்துச் சுத்தமாக்கும் மேட்டின்மேல் ஆண்டுதோறும் வைக்கோல் பரப்பினீர்கள். அதில் விழும் பனியை யாரும் மிதிக்கலாகாது என்று பலகையும் நட்டீர்கள். படித்த பெருமக்கள் என்ன செய்தார்கள்? போன சனவரியில், ஏரியில் மீன்பிடிக்கக் குறுக்குவழி என்று பனிவண்டிகளை மேட்டின்மேலேயே விரட்டினார்கள். போர்வையாய்க் கிடந்த பனி கல்லாய் இறுகியது, குளிர் கீழிறங்கியது, குழாய் உறைந்தது, கழிவுநீர் குளியலறைகளில் எதிர்த்து ஏறியது.

ஓட்டியவர்களே முதலில் புகார் எழுதினார்கள், வெட்கங்கெட்டு. வந்து பார்த்த மாவட்டப் பொறியாளர் மெர்லின் ஹேக்பர்க், "மேடு செத்துப்போச்சு. எல்லா வீட்டையும் பூட்டி சீல் வைக்கணும்" என்றார். நடுக்குளிரில் நாற்பத்துமூன்று குடும்பங்கள் தெருவில் நிற்க வேண்டிய நிலை. ஊர்மன்றமோ காப்பியை உறிஞ்சியபடி தன் காலணியைப் பார்த்தது.

தாங்கள் மட்டும் மேட்டில் மண்டியிட்டு, கழிவுநீரை மேட்டுக்குத் தள்ளும் பம்ப்பைப் போடச் சொல்லி, ஆய்வுக் குழாயில் காதை வைத்தீர்கள்.

"தண்ணி இதுவரைக்கும் வந்து முட்டுது. இங்க தோண்டுங்க."

"இந்தக் குளிர்ல காதுதான் உறைஞ்சு கையோட வரும், சிக்னி."

"காது என்னோடது. நீங்க மண்வெட்டியைப் பிடிங்க, மெர்லின்."

வண்டித்தடத்துக்கு நேர் கீழே, முழ நீளத்துக்குப் பனிக்கட்டி. வெந்நீர் பாய்ச்சினோம், மாலைக்குள் மேடு நீரைக் குடிக்கத் தொடங்கியது. ஆனால் 'செத்த மேடு' என்ற அறிக்கை இன்றுவரை திருத்தப்படவில்லை. தாங்கள் சங்கத்தின் சாவியை ஒப்படைத்த மறுநாளே அதைக் காட்டி எங்களை வெளியேற்றலாம். கேட்டால், காதால் கண்டுபிடித்த கதை யாருக்கு வேண்டும் என்கிறார் பொறியாளர். அவரும் இந்த அரங்கில்தான் கேக் தின்றுகொண்டிருக்கிறார்.

அம்மையீர், தங்கள் சவுனா என்னும் நீராவிக் குளியலறை என்றும் சூடாயிருக்க, செவி என்றும் கூராயிருக்க, எங்களைத் திட்டும் தெம்போடு நூறாண்டு வாழ்க.

சங்கப் பணியாளர்கள் சார்பில்,
டேல் ஓஜாலா,
ஓய்வுபெற்ற கழிவுநீர் லாரி ஓட்டுநர்

(படித்து முடித்ததும் மடலின் அடியில் பேனாவால் எழுதப்பட்டது:)

அறிக்கையை நாளைக்கே மாத்தறேன். மேடு சாகல. சிக்னி காட்டின இடத்துலதான் உறைஞ்சிருந்தது, தோண்டினதே நான்தான். — மெ. ஹேக்பர்க்