மாப்பிள்ளை அனுப்பின அல்பம்

சாவகச்சேரி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு தோழிகள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகி, போனில் ஒரு அல்பத்தின் அட்டைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உந்தப் பாடுறவருக்கு அறுபது வயசிருக்கும். ஏனடி கண்ணுக்கு இவ்வளவு மை?"

"உந்த இசைக்குழு ஆக்கள் முப்பது வருசமா உப்பிடித்தான். கறுப்பு உடுப்பு, மெஷின் சத்தம். இது கடைசியா வந்த அல்பமாம். எனக்குப் பேசியிருக்கிற ஜேர்மன் மாப்பிள்ளை அனுப்பினவர். தன்னை விளங்கவேணுமெண்டால் முழுக்கக் கேக்கட்டாம்."

"செத்தவீட்டிலை போட்டால் பிரேதமும் எழும்பி ஓடும். ஆளுக்கு ஏதும் கவலையோ?"

"போனிலை நல்லாச் சிரிச்சுக் கதைக்கிறார். அதுதான் ஒண்டும் விளங்கேல்லை."

"பொருத்தம் பாத்தவையெல்லோ?"

"பத்துக்கு எட்டாம். சாத்திரியாருக்கு உந்தப் பாட்டைப் போட்டுக் காட்டேல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பின்னேரம் அம்மா முடிவு கேப்பா. பிடிக்கேல்லையெண்டு சொல்லிவிடன்."

"பாட்டுப் பிடிக்கேல்லைத்தான். ஆனா முந்திக் கேட்டு வந்தவை எல்லாரும் காருக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுத்து அனுப்பினவை. இவர் ஒராள்தான் தன்ரை கவலையை அனுப்பியிருக்கிறார்."

"அப்ப ஓமோ?"

"பொறடி, இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு."