மேலே நின்றவன்

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஐயா. அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. பரவாயில்லை, நானும் எங்கேயும் போகிற அவசரத்தில் இல்லை.

ஊரில் என்னைக் கோமாளி என்றுதான் கூப்பிடுவார்கள். இழவு வீட்டுக்கு நான் போனால்கூட யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார். கல்யாணம் ஆகவில்லை. பார்க்கப் போன பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சுக்குத்தான் என்று நான் நினைத்தேன். மூஞ்சிக்கு என்று தம்பி சொன்னான்.

தம்பியை வளர்த்தது நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பேரும் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே பெரியவர்களானோம்.

இருப்பது ஒரு வாழைத் தோட்டம், அதன் நடுவில் ஆழமான ஒரு கிணறு. பாதி ஆழத்தில் மேடை வெட்டி டீசல் என்ஜினை உட்கார வைத்திருக்கிறோம். ஓட்டி நிறுத்தினால் அதன் புகை லேசில் மேலே வராது, அடியிலேயே தங்கிவிடும். அதனால் அடிமட்டத்துக்கு இறங்குமுன் சிமினி விளக்கை ஏற்றிச் சரடில் கட்டி உள்ளே விடுவோம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் தழைக்கட்டைத் தொங்கவிட்டு மேலும் கீழுமாக அடித்துக் காற்றை மாற்ற வேண்டும். இதில் ஒரு ஒழுங்கு உண்டு. இறங்குகிறவன் விளக்கைப் பார்க்கக் கூடாது. வேலையை முடிக்கிற அவசரத்தில் அவனுக்கு அணைந்த விளக்கும் எரிகிற மாதிரி தெரியும். மேலே நிற்பவன்தான் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் சொல்வதுதான் சட்டம்.

தம்பி பொண்டாட்டியின் அண்ணன் டவுனில் டயர் கடை வைத்திருக்கிறார். வந்து கூட இருங்கள் என்று கூப்பிட்டார். பாப்பாவையும் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். தம்பி என்னிடம் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை, வாழைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே சொன்னான். நல்ல யோசனைடா என்றேன். நல்ல யோசனைதான் ஐயா, அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்குத் திரும்பி, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, இனி என் ஜோக்குக்கு இந்தச் சுவர்தான் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒன்று சொல்லியும் பார்த்தேன். சுவருக்குப் பிடிக்கவில்லை.

புறப்பட வேண்டிய நாளில் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து நின்றான். அடியில் குழாய் வால்வு அடைத்துக்கொண்டிருந்தது.

"சுத்தம் பண்ணிக் குடுத்துட்டே போறேண்ணே. நான் போனப்புறம் நீ தனியா இறங்கிடுவே. உன் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு, இறங்கினா அங்கேயே குடித்தனம்தான்."

"போறவனுக்கு எதுக்குடா இந்த அக்கறை?"

"நான் இல்லாம உன்னை வேற எவன்டா பாத்துப்பான், கோமாளி?"

கோபம் வந்தால் அல்ல, பாசம் வந்தால்தான் என்னை 'டா' போடுவான்.

நான் குப்புறப் படுத்துக்கொண்டு விளக்கை விட்டேன். என்ஜின் மேடையைத் தாண்டியதும் சுடர் சிறுத்தது, நீலமானது, பிறகு இல்லை. முதுகுக்குப் பின்னால் அவன் படியில் கால் வைத்துக்கொண்டே கேட்டான்.

"எரியுதாண்ணே?"

"ஜோரா எரியுது."

பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே இறங்கினான். எப்போதும் ஒரே பாட்டுதான், அதிலும் பாதி வரிகள் தெரியாது. அன்று அவனுக்குத் தெரிந்த வரியிலேயே நின்றுவிட்டது.

கிணற்றில் கெட்ட காற்று எப்படி வந்தது என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். அன்று விடிகாலையில் அவன் எழுந்திருக்குமுன் நான்தான் என்ஜினை ஓட்டினேன். அடைத்த வால்வில் தண்ணீர் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேண்டியது ஒரு சின்ன மயக்கம், அவ்வளவுதான். மேலே தூக்கிப் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, நாலு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பேன். பயணம் தள்ளிப்போயிருக்கும். தள்ளிப்போன பயணங்கள் அநேகமாக நடப்பதில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. விளக்கு கடைசி நேரத்தில் அணைந்திருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டது. நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். இன்று மத்தியானம் தம்பி பொண்டாட்டி தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க மாமா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவர் இருந்தா நீங்க பட்டினி கிடக்கிறதைப் பாத்துக்கிட்டு இருப்பாரா?" என்றாள். பாப்பா என் சட்டையைப் பார்த்து, பெரியப்பா பொத்தானை மாத்திப் போட்டிருக்கார் என்று சிரித்தது. கையைக் கழுவிவிட்டு இங்கே ஸ்டேஷனுக்கு நடந்தே வந்துவிட்டேன்.

கயிறா? சரியாகத்தான் கேட்கிறீர்கள் ஐயா. இறங்குகிறவன் இடுப்பில் எப்போதும் கயிறு கட்டுவோம். மயங்கினால் மேலே இழுக்க வேறு வழி கிடையாது. அன்றைக்கு அவனும் தேடினான். விளக்குதான் எரியுதே, கயிறு எதுக்குடா என்றேன். அது என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே சுருட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஊருக்குப் போகிறவன், மூட்டை கட்டக் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாமே என்றுதான்.