டபுள்யூ இல்லாத பெயர்

மூன்று டபுள்யூவும் ஒரு புள்ளியும் தட்ட இரண்டு நொடி ஆகுமா சார்? அந்த இரண்டு நொடிதான் மரிய ஆனந்துக்குப் பிடிக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து அவர் ஆத்தங்குடிக் கல் ஏற்றுமதி செய்தார். தொண்ணூற்றெட்டில் அவருக்கு இணையப் பக்கம் போட்டவன் நான். டபுள்யூ போட்டால் பக்கம் வரும்; வெறும் பெயரைத் தட்டினால் வராது. சாக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஆட்கள் முன்னால் கேட்டார்.

"ஏண்டா மூணு டபுள்யூ, வீட்டக் கட்டிட்டுத் தலவாசல் வைக்க மறந்துட்டியா? வாரவுக எல்லாம் கொல்லப்பக்கமா நுழையணுமா?"

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். என் பெயர் மாயக்கண்ணன்.

"வெறும் பேர இன்னொரு பேருக்கு மாத்துப்பேராப் போடக்கூடாது சார். மெயில் வழி மாறிப்போகும்."

"படிச்சுக் கிழிச்சது போதும். டபுள்யூ வச்ச பேரு எங்குட்டுப் போகுதோ, இதுவும் அங்குட்டே போகட்டும். சொன்னதச் செய்யி."

செய்தேன். மாற்றுப்பெயருக்குப் பதிலாகக் கணினியின் எண்ணை எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒழுங்காக முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அவருக்கு வரும் மின்கடிதங்கள் எல்லாம் வழி மாறி, இணையப் பக்கம் வைத்திருந்த அமெரிக்கக் கணினிக்குப் போயின. அதன் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும். தினமும் எடுத்து அவர் பெட்டியில் நானே போட்டேன். கல் ஆர்டர் ஒன்றுகூடத் தவறவில்லை. என் வேலையில் குறை சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் நிறுத்தினேன். அவர் மகள் ஆஷ்லினுக்கு ஒன்பது வயது, இதயத்தில் ஓட்டை. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று இலவசமாக அறுவை சிகிச்சை செய்யத் தேதி கொடுத்து எழுதியிருந்த கடிதம் அது. பத்து நாளில் பதில் வேண்டும். பத்து நாளும் அவர் என்னை டபுள்யூ என்றே கூப்பிட்டார்.

பதினோராம் நாள், பதில் வராததால் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட்டதாக எழுதினார்கள். அதை உடனே அவர் பெட்டியில் போட்டேன். இரண்டு மாதத்தில் ஆஷ்லின் இறந்துபோனாள்.

அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அந்தப் பத்து நாளும் பள்ளி விட்டதும் வந்து, மூச்சு வாங்க என் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"மாயக்கண்ணன் அண்ணே, எனக்கு மெயில் வந்துருச்சா?"

"இன்னும் இல்லம்மா" என்பேன். அச்செடுத்த அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் மடித்து இருக்கும்.

அந்த வீட்டில் ஒருவராவது என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன் சார்.